எந்தக் கடலுக்கும் போகாத நீர்

தென்முனைக் கண்டத்தில் பனி வற்றிப் போனபோது மனிதர்களுக்கு முதலில் வந்த சிக்கல் திசை. முனையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். முன்னால் வடக்கு, முதுகுக்குப் பின்னால் வடக்கு, இடது கையை நீட்டினால் அதுவும் வடக்கு. ஆனால் கப்பலில் போய் இறங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். இறங்கின மறு வாரமே கிழக்கு என்று ஒன்றையும் மேற்கு என்று ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். கிழக்கில் இருப்பவர்கள் மேற்கில் இருப்பவர்களை நம்பக் கூடாது என்பதை அதற்கடுத்த வாரம் கண்டுபிடித்தார்கள்.

போனவர்கள் எல்லாரும் கரை இழந்த ஜனங்கள். நாகப்பட்டினம் முழுகிவிட்டது, யாழ்ப்பாணத்தில் பாதி முழுகிவிட்டது, உலகத்தில் இன்னும் எத்தனையோ ஊர்கள். இந்த முறையாவது சண்டையில்லாமல் எல்லை போட வேண்டும் என்று ஒரு கடற்கரை ஓட்டலில் உட்கார்ந்து நாற்பத்தொரு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை எழுதினார்கள். சாரம் ஒரே வரி: ஒரு நிலத்தில் விழுகிற மழை எந்தக் கடலுக்கு ஓடுகிறதோ, அந்தக் கடலை வைத்திருக்கிற அரசுக்கு அந்த நிலம். கண்டத்தின் குறுக்கே நீளமாக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் முகட்டிலிருந்து தண்ணீர் இந்தப் பக்கம் சரிந்தால் கீழை அரசு, அந்தப் பக்கம் சரிந்தால் மேலை அரசு. மலையே போட்ட கோடு, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மலைக்கு இந்த ஏற்பாடு தெரியாது. இரண்டு மைல் கனத்துக்குப் பனி உட்கார்ந்திருந்த நிலம் அது. பருத்த சம்பந்தி எழுந்து போன பிறகு இலவம்பஞ்சு மெத்தை மெல்ல உப்பி வருமே, அதுபோல நிலம் எழுந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் கூடுதலாக, ஓரிடத்தில் குறைவாக. முகடு நகர்ந்தது, அதோடு எல்லையும் நகர்ந்தது. காலையில் ஒரு நாட்டில் பல் தேய்த்தவர்கள் மத்தியானம் இன்னொரு நாட்டில் சோறு தின்றார்கள். நெட்டையான ஒருவருக்குத் தலைக்கு ஒரு நாட்டிலும் காலுக்கு ஒரு நாட்டிலும் அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். அவர் தூக்கத்தில் முடங்கிப் படுக்கக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவு.

இதற்காகவே நீர்பிரி ஆணையம் என்று ஒன்று இருந்தது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை முகட்டை அளந்து கோட்டைப் புதுப்பிக்கும். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் ஒரு சாண் வரைக்கும் சொல்லிவிடும். அந்தக் கடைசிச் சாணுக்குத்தான் ஆள் வேண்டும். ஆள் போய், சந்தேகமான வீட்டு வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் போகிற பக்கம் நாடு. வெறும் தண்ணீர் கல்லில் சரியாகத் தெரியவில்லை என்று முதல் தலைமுறைத் தமிழ் அளவையர்கள் அதில் மஞ்சள் கரைத்தார்கள். அது அப்படியே சட்டமாகிவிட்டது. சிலி நாட்டிலிருந்து வந்த அளவையர்கூட மஞ்சள் டப்பா இல்லாமல் மலையேற மாட்டார்.

நீலாயதாட்சி அந்த ஆணையத்தில் பத்தொன்பது வருடமாக அளவையர். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை நாடு மாற்றியவள். குடத்தைக் கவிழ்க்கும்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அதனால்தான் பத்தொன்பது வருடம் தாக்குப்பிடித்தாள்.

அந்தக் கோடையில் அவளுக்கு வந்த கோப்பு இரட்டைவாசல். முகட்டின்மேல் ஒரு சிறு பள்ளம். அதில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். எல்லைக்கோடு அந்தப் பொதுச்சுவருக்குள் ஓடியது. கிழக்கு வீட்டில் இருந்தவன் மேலை அரசிடமிருந்து தப்பி வந்தவன். மேற்கு வீட்டில் இருந்தவர் கீழை அரசிடமிருந்து தப்பி வந்தவர். இரண்டு பேருக்கும் கிடைத்திருந்தது முகட்டு அகதிச் சீட்டு. அந்த வீட்டுக்குள் இருக்கிற வரைதான் செல்லும், உள்நாட்டுக்குள் இறங்கினால் செல்லாது. செங்கல் கனத்தில் இரண்டு உயிர் பத்திரமாக இருந்தது.

கிழக்கு வீட்டுக்காரன் சிங்காரவேலு, நீலாவின் கூடப்பிறந்த தம்பி.

உறவுக்காரர் வீட்டை அளவையர் அளக்கக் கூடாது என்று ஆணையத்தில் கறாரான விதி உண்டு. அதைச் சரிபார்க்க ஒரு கணிப்பொறியும் உண்டு. அந்தக் கணிப்பொறியைச் செய்தவர்கள், பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்துதான் குடும்பப் பெயர் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் அப்பா பெயரை வைத்து க. சிங்காரவேலு. அவள் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரை வைத்து மு. நீலாயதாட்சி. இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கணிப்பொறி இரண்டு முறை சான்று கொடுத்தது. போன தடவையும் அவள்தான் அளந்தாள். போன தடவை பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஜீப்பை விட்டு இறங்கியதும் தம்பி ஓடிவந்து அளவைக் கருவியின் முக்காலியை வாங்கிக்கொண்டான்.

"என்னக்கா, பாதியா இளைச்சுட்ட?"

"நீ மட்டும் என்ன, தலையெல்லாம் வெள்ளாவி வச்ச மாதிரி இருக்கு. கருவியை மெதுவா வைடா, அது உன் மண்டை இல்ல."

அவள் அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். முக்காலியை இடம் மாற்றி மூன்றாம் தடவையும் அளந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிங்காரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோக்கா?"

"பதினோரு சென்டிமீட்டர்."

"எந்தப் பக்கம்?"

அவள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"எம்பக்கம் உசந்துடுச்சா?"

"ஆமாடா. உன் வாசல்ல ஊத்துனாலும் இனிமே மேக்கால அவர் வாசல் வழியாத்தான் ஓடும். மேக்குச் சந்துல இறங்கி மேலைக் கடலுக்குப் போயிடும்."

"அப்ப நான் மேலைக்காரன்."

"நாளன்னிக்கு மத்தியானத்துலேருந்து. ரெண்டு அரசு ஆளுங்களும் சாட்சிக்கு வர்றாங்க."

சிங்காரம் கீழே உட்கார்ந்துவிட்டான். மேலை அரசின் நிலத்தில் பாதி கடல் மட்டத்துக்கும் கீழே. ஓயாமல் கரை கட்டிக்கொண்டே இருந்தால்தான் அந்த நாடு நாடாக இருக்கும். அதனால் அங்கே எல்லாருக்கும் பத்து வருடம் கரைப்படை வேலை. சிங்காரம் நாலாம் வருடம் ஓடிவந்தவன். ஓடினவர்கள் பிடிபட்டால் கடல் மோதுகிற வெளிக்கரைக்கு அனுப்புவார்கள். வெளிக்கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருவது பூட்ஸ் மட்டும்தான். அதையும் காயவைத்து அனுப்புவதில்லை.

"அக்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "தண்ணி போறதுக்கு இந்தப் பள்ளத்துல ரெண்டே வழி. கிழக்குச் சந்து, மேக்குச் சந்து. மேக்குச் சந்துல ஒரு பத்துக் கூடை மண்ணைக் கொட்டி மிதிச்சுட்டா? தண்ணி திரும்பிடும்ல?"

"திரும்பும். ரெண்டு வீட்டுத் தண்ணியும் சேந்து திரும்பும். அவர் வீடும் கீழைக்குப் போயிடும்."

"போகட்டுமே."

"அவரைப் புடிச்சுடுவாங்கடா."

"என்னைப் புடிச்சா பரவால்லயா?"

பதில் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"பத்துத் தேவையில்லைத் தம்பி. எட்டுக் கூடை காணும். இன்னும் கொஞ்சம் பலமாக் கதையுங்கோ, எனக்குக் காது மந்தம்."

அருளம்பலம் பூகோள வாத்தியாராக இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். கீழை அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில், 'நம் கண்டத்தின் இயற்கையான எல்லைகள் எவை?' என்ற கேள்விக்கு ஒரு மாணவி, 'கடலைத் தவிர ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தாள். அவர் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார். பன்னிரண்டு வருடம் தண்டனை விழுந்தது. அடி வாங்கின முழங்காலோடு இந்த முகட்டுக்கு நொண்டி ஏறியவர், அதன் பிறகு எங்கேயும் இறங்கவில்லை.

இப்போது அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"சுகமா இருக்கிறியளே தங்கச்சி?"

"இருக்கேன் சார்."

"இது எனக்குப் போன வரியமே தெரியும். சுவரடியில ஒரு கண்ணாடிக் குண்டு வச்சுப் பாத்தனான். உங்கட பக்கத்திலயிருந்து என்ர பக்கத்துக்கு உருண்டு வந்துது."

சிங்காரம் எழுந்தான். "ஒரு வருஷமா தெரியுமா? ஒரு வருஷமா தெனம் எங்கூட உக்காந்து சீட்டாடிக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே அய்யா?"

"சொல்லேல்லை. எனக்குச் சந்தோசமா இருந்தது, உண்மையச் சொன்னால். என்ர வீடு என்ர பக்கத்திலதானே நிக்குது." அவர் கொஞ்சம் யோசித்தார். "சீட்டில உங்களை நான் ஏமாத்தேல்லை."

"இப்ப பாத்தியாக்கா? இந்தாளுக்காகவா நீ யோசிக்கிற?"

நீலா யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, முழுகிப்போன தெருவில் கூட விளையாடினவர்களில் மிச்சம் இவன் ஒருவன்தான். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் முகத்தைப் பார்க்காமல் இருந்தவளுக்கு இன்னொரு முகத்தைப் பார்க்காமல் இருப்பது பெரிய காரியமா? தோட்டத்து ஓரத்தில் கிடந்த கூடையை எடுத்தாள். மண்ணை வெட்டி நிரப்பி, மேற்குச் சந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். அருளம்பலம் படியில் உட்கார்ந்தபடியே, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில், "ஒண்டு" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு... மூண்டு. நல்லா மிதிச்சு விடுங்கோ தங்கச்சி, பொதபொதவெண்டு இருந்தால் அவையள் கண்டுபிடிச்சிடுவினம்... நாலு."

ஐந்தாவது கூடையையும் கொட்டி மிதித்தாள். ஆறாவது கூடையைச் சிங்காரம் வாங்கிக்கொண்டான். அவனும் அவரைப் பார்க்கவில்லை. ஏழாவது கூடை விழுந்ததும் அருளம்பலம் எண்ணுவதை நிறுத்தினார்.

"எட்டாவதுக்கு முன்னம் ஒரு கேள்வி. பரீட்சைக் கேள்வியெண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஆத்துத் தண்ணியெல்லாம் கடலுக்குத்தான் போகுதோ?"

"பின்ன வேற எங்க போகும்?" என்றான் சிங்காரம்.

"சைபர். தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ."

நீலா இடுப்பில் கூடையோடு நின்றாள். படித்தது ஞாபகம் வந்தது. "போகாத ஆறும் இருக்கு. காஸ்பியன்னு பேருக்குத்தான் கடல், அதுல போய் விழுறது எல்லாம் அங்கயே நின்னுடும்."

"ஓம். ஆப்பிரிக்காவில சாட் ஏரி, அதுவும் அப்பிடித்தான். ஒவ்வொரு பெரிய கண்டத்துக்கும் வயித்துக்குள்ள அப்பிடி ஒரு இடம் கிடக்கு. விழுந்த தண்ணி விழுந்த இடத்திலயே கிடந்து, வெயிலில காயும். எந்தக் கடலும் அதுக்குச் சொந்தம் கொண்டாடேலாது. சரி. உங்கட உடன்படிக்கையில அந்தத் தண்ணிக்கு என்ன எழுதிக் கிடக்கு?"

நாற்பத்தொரு பிரிவும் நீலாவுக்குத் தலைகீழ்ப் பாடம். மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பதினேழில் கொஞ்சம் நின்றாள், முப்பத்திரண்டில் நின்றாள். மேகங்கள் எவருக்கும் சொந்தமில்லை என்றுகூட ஒரு பிரிவு இருந்தது. கடற்கரை ஓட்டலில் உட்கார்ந்து எழுதினவர்களுக்குக் கடலுக்குப் போகாத தண்ணீர் ஞாபகத்துக்கே வரவில்லை.

"ஒண்ணும் எழுதல" என்றாள்.

"அப்ப எட்டாவது கூடையை அங்க போட்டிட்டு, கிழக்குச் சந்துக்கும் ஒரு எட்டுக் கூடை போடுங்கோ. நடுவில ஒரு குளம் வெட்டுவம்."

"இதை ஏன் சார் முதல்லயே சொல்லல?" நீலாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "ஏழு கூடை வரைக்கும் எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே!"

"நீங்கள் எத்தினையாவது கூடையில நிப்பாட்டுவியள் எண்டு பாத்தனான்" என்றார் அவர். "நிப்பாட்டேல்லை."

நீலா எட்டாவது கூடையை மேற்குச் சந்தில் கொட்டிவிட்டுக் கிழக்குச் சந்துக்கு நடந்தாள். சிங்காரம் நடுவில் மண் வெட்டத் தொடங்கினான்.

அது சூரியன் மறையாத காலம். செக்குமாடு மாதிரி அது அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எப்போது நிறுத்துவது என்று தெரியாததால் அவர்கள் நிறுத்தவில்லை. கரைப்படையில் நாலு வருடம் அடி வாங்கிக் கற்றது சிங்காரத்துக்குக் கையில் இருந்தது. கரைக்கு மண்ணை எப்படி அறைய வேண்டும், களிமண் எங்கே போட வேண்டும் என்று அவன் சொன்னான், மற்ற இரண்டு பேரும் செய்தார்கள். இரண்டு வாசலுக்கும் முன்னால், இடுப்பளவு ஆழத்தில், ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்குக் குளம் வந்தது. இரண்டு சந்துகளும் அடைபட்டன.

சாட்சிக்கு வந்த அதிகாரிகள் இரண்டு பேர். கீழை அதிகாரி ஒல்லி, மேலை அதிகாரி அதைவிட ஒல்லி. நீலா குடத்தில் மஞ்சளைக் கரைத்தாள். கிழக்கு வாசலில் கவிழ்த்தாள். மஞ்சள் தண்ணீர் படியிறங்கி, நெளிந்து, குளத்தில் விழுந்து நின்றது. மேற்கு வாசலில் கவிழ்த்தாள். அதுவும் போய் நின்றது.

மூவரும் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தார்கள்.

"எங்கே போகிறது?" என்றார் கீழை அதிகாரி.

"எங்கேயும் போகவில்லை ஐயா."

"இப்போது போகவில்லை, சரி. பிறகு எங்கே போகும்?" என்றார் மேலை அதிகாரி.

"மேலே போகும்" என்று நீலா ஆகாயத்தைக் காட்டினாள். "முப்பத்திரண்டாம் பிரிவு."

அவள் படிவத்தில் இரண்டே கட்டம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே, கோடு அளவுக்குப் பொடியாக, 'இரண்டும் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வழக்கு நடந்தது. நீதிபதிகள் ஏழு பேரும் பூகோளப் புத்தகம் வாங்கிப் படித்தார்கள். கடைசியில், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சலாக, இரண்டு குடிமக்களோடு, கண்டத்தின் மூன்றாவது நாடு பிறந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

செய்தி முகடு முழுக்கப் பரவியது. கோட்டுக்குப் பயந்து கிடந்தவர்கள் எல்லாரும் மண்வெட்டியை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் முந்நூற்றுப் பதினேழு குளங்கள், முந்நூற்றுப் பதினேழு நாடுகள். ஒரு குளத்துக்குத் தேசிய கீதம்கூட இருந்தது. இரண்டு பெரிய அரசுகளும் ஜன்ம விரோதத்தை மறந்து ஒன்றாக உட்கார்ந்து நாற்பத்திரண்டாம் பிரிவை எழுதின. கிடக்கும் நீர் யாருக்கும் சொந்தமில்லை, ஏற்கிறோம். ஆனால் அதிலிருந்து ஒரு சொட்டு, வழிந்தோ, கசிந்தோ, யாரும் எடுத்துச் சென்றோ எல்லை தாண்டினால், அந்தச் சொட்டு போன பக்கத்து அரசுக்கு அந்த நிலம். ஆவிக்கு மட்டும் விலக்கு, மேகத்தின் மேல் கைவைக்க அவர்களுக்கும் தைரியம் வரவில்லை.

பிறகு மழை வந்தது.

ஆணையம் நீலாவைத் தண்டிக்கவில்லை. குளம் விஷயத்தில் அனுபவசாலி என்று பாராட்டி, குளங்கள் வழிகிற இடத்துக்கெல்லாம் அவளையே அனுப்பியது. எந்தக் கரையில் எந்தப் பக்கம் முதல் சொட்டு வழிந்தது என்று பார்த்து எழுத வேண்டும். அவள் எழுதினாள். எழுதி முடித்ததும் ஜீப்புகள் வரும். அந்த ஜனங்கள் அவளைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. குளத்துக்காரம்மா வந்துவிட்டாள், ஏதாவது வழி சொல்லுவாள் என்று எழுந்து நின்றார்கள். முகத்தைப் பார்க்காத பழக்கம் அவளுக்கு எப்போது விட்டுப்போனதென்று தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு முகமும் தெரிந்தது.

முந்நூற்றுப் பதினாறு போயின. ஒன்று மட்டும் வழியவில்லை.

ஒரு வருடம் கழித்து, கருவி இல்லாமல், குடம் இல்லாமல், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நீலா இரட்டைவாசலுக்குப் போனாள். மழை பாதையை அரித்துவிட்டதால் ஜீப் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. இரண்டரை மைல் ஏற்றம். தூரத்திலிருந்தே தெரிந்தது, முகட்டின்மேல் ஒரு வெள்ளை மேகம். கிட்டே போனால் மேகம் இல்லை, ஆவி. குளத்தைச் சுற்றி ஏழெட்டு இரும்புப் பீப்பாய்கள் அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் மலைபோல் காய்ந்த பாசிக் கட்டிகள். மிச்சமிருக்கிற ஒரே குளம் என்பதால் முகட்டு ஜனங்கள் எரிக்கக் கொண்டுவந்து கரையைத் தாண்டி வீசிவிட்டுப் போவார்களாம். பெய்கிற மழையை எல்லாம் காய்ச்சி ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். ஒருவர் தூங்கும்போது ஒருவர் காய்ச்சுவது. சீட்டுக்கட்டைத் தொட்டு எட்டு மாதம் ஆயிற்று.

கிழக்குச் சந்தில் நாற்காலி போட்டுக் கீழை அதிகாரி உட்கார்ந்திருந்தார், கையில் பைனாகுலர். மேற்குச் சந்தில் மேலை அதிகாரி, அவர் கையிலும் பைனாகுலர்.

"வாக்கா." சிங்காரத்தின் கண் இரண்டும் புகையில் சிவந்து கிடந்தது. "எப்படி வந்த? நடந்தா வந்த? உக்காரு, உக்காரு."

உட்கார்ந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் கொதிக்கிற சத்தம். சிங்காரம் ஊர்க்கதை கேட்டான், மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டான், ஏறி வந்ததில் முழங்கால் வலிக்கிறதா என்று அருளம்பலத்தின் முழங்காலையும் சேர்த்து விசாரித்தான். எல்லாம் கேட்டானே தவிர, உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்துவரவில்லை. அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்காத மாதிரியும் இருந்தான்.

"தம்பி, கொஞ்சம் தண்ணி..."

சிங்காரம் அருளம்பலத்தைப் பார்த்தான். அருளம்பலம் அடுப்பைப் பார்த்தார்.

"போன பங்குனியில என்ர மகள் வந்தவ" என்றார் அவர். "பதினாலு வரியத்துக்குப் பிறகு. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கீழ இறங்கிப் போனா. அவவின்ர வயித்துக்குள்ள எங்கட குளம் எல்லை தாண்டிப் போட்டுது எண்டு கீழை அரசு வழக்குப் போட்டுட்டுது. பிரிவில எழுதிக் கிடக்குத்தானே, எடுத்துச் சென்றோ எண்டு. கோர்ட்டு முதல் தடவை மன்னிச்சு விட்டுது. ரெண்டாம் தடவை இல்லை."

"குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போறேனே."

"உள்ள போனதுல எது தங்குது, எது வெளிய வருதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டரை வச்சு சாட்சி சொல்லிட்டாங்கக்கா." சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டான். "குடிச்சா இங்கயே இருந்துடணும். அப்படின்னா எவ்வளவு வேணாலும் குடிக்கலாம். குளத்தையே குடிக்கலாம்." சிரிக்கப் பார்த்தான். "இரேன்க்கா. மாமாவைக்கூட வரச் சொல்லிடேன்."

நீலா குளத்தைப் பார்த்தாள். மஞ்சள் எப்போதோ கரைந்து போய், தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. கீழே நாளைக்கு அவளுக்கு வேலை இருந்தது. கோடு நகர்ந்த இடத்தில் இரண்டு வீடு, ஏழு பேர். அவள் போகாவிட்டால் வேறு ஆள் போவார், முகத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டு வந்துவிடுவார்.

"இல்லடா. நான் போவணும்."

"தெரியும்" என்றான்.

கொஞ்ச நேரம் அடுப்புக்குப் பாசி தள்ளிக் கொடுத்தாள். அருளம்பலத்திடம் சொல்லிக்கொண்டாள். அவர் எழுந்து நிற்க முயன்று முடியாமல், கையை மட்டும் தூக்கினார். "அண்டைக்கு ஏழு கூடை போட்டியளே தங்கச்சி, அதை நான் மனசில வைக்கேல்லை" என்றார். "குளம் வெட்டாமல் எட்டாவதோட நிப்பாட்டியிருந்தால் உங்கட தம்பி நல்லா நித்திரை கொண்டிருப்பான். அதையும் நினைக்கிறனான்."

கரையோரம் வந்ததும் சிங்காரம் அவளை நிறுத்தினான். கீழை அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"அசையாம நில்லுக்கா. ஆவி பட்டுருக்கு."

இவ்வளவு நேரம் அந்த ஆவிக்குள் உட்கார்ந்திருந்ததில் அவள் நெற்றியெல்லாம், கன்னமெல்லாம் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. சிங்காரம் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். நெற்றியைத் துடைத்தான். காதுக்குப் பின்னால், முகவாய்க்கு அடியில், கழுத்தில், கண்ணாடியைக் கழற்றி அதன் இரண்டு பக்கமும், ஒரு சொட்டு விடாமல் கரைப்படைக்காரனின் சிரத்தையோடு துடைத்தான். துண்டைக் கொண்டுபோய்க் குளத்தில் பிழிந்துவிட்டு வந்தான். வந்து பார்த்தால் கன்னம் மறுபடியும் ஈரமாக இருந்தது. துடைத்தான், போய்ப் பிழிந்தான், திரும்பி வந்தான். மறுபடியும் ஈரம்.

மூன்றாவது தடவை அவன் துண்டை நீட்டவில்லை. கரையில் உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினான்.

"அவசரமில்லக்கா. அழுது முடிச்சுட்டே கிளம்பு."